பதினான்காவது பை

2024 செப்டம்பர் 18, புதன்கிழமை. புரட்டாசி பிறந்து இரண்டாம் நாள். காலை 4.40க்கு எழுந்தேன். மோட்டார் போட்டதில் தொட்டி நிரம்பப் பதினோரு நிமிடம் ஆயிற்று. 5.05க்குக் குளித்து முடித்து, 5.10க்கு அரிசியை அடுப்பில் ஏற்றினேன். மதியத்துக்குப் பீர்க்கங்காய்க் கூட்டும் இரண்டு அப்பளமும். கணவருக்கு அன்று மதிய ஷிப்ட், தூங்கிக்கொண்டிருந்தார். 5.58க்குக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன். திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கம்பெனி பஸ் 6.07க்கு வந்தது. ஏழாம் எண் இருக்கை, ஜன்னல் பக்கம். மழை இல்லை.

இதையெல்லாம் நினைவிலிருந்து எழுதவில்லை. பத்தொன்பது வருடமாக டைரி எழுதுகிறேன், அதிலிருந்து எடுத்து வைக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. வரும் துண்டுகளை மைக்ரோமீட்டரில் வைத்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை பார்த்து எழுத வேண்டும். எழுதிப் பழகிய கை வீட்டுக்கு வந்தாலும் நிற்பதில்லை. "எமன் வந்தாக்கூட, எத்தனை மணிக்கு வந்தேன்னு கேட்டு எழுதிக்கினு தான் கிளம்புவ" என்பார் என் கணவர்.

எங்கள் பஸ்ஸில் இடம் ஆளுக்கு இல்லை, பைக்குத்தான். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பை உள்ளே வந்துவிடும். அருகில் இருப்பவர் அதை வாங்கி, அந்தப் பைக்குரிய இருக்கையில் வைப்பார். பையைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரியும். ஆளின் பெயர் பலருக்குத் தெரியாது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்த பை ஒன்று, வெங்கலில் ஏறும். கல்யாண ஜவுளிக் கடைப் பை ஒன்று. அதிலிருந்த மணமகன் முகம் அழிந்து மணமகள் மட்டும் மிச்சம். மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பை, பெரியபாளையம். அரிசி மூட்டைச் சாக்கில் தைத்த பை இரண்டு, பெரியபாளையத்தை அடுத்த ஆரணி. அவர்கள் அண்ணன் தம்பி. இப்படி மொத்தம் முப்பத்தொரு பைகள். புரட்டாசியில் மட்டும் எல்லாப் பையிலிருந்தும் ஒரே வாசனை வரும், சாம்பார்.

அந்த வருடம் ஜூலையில் திருவள்ளூரில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் இணையதளம் வடிவமைக்கும் வகுப்பில் சேர்ந்தேன். திங்கள், புதன் மாலை 6.30 முதல் 8 வரை. எங்கள் பிரிவில் அளவுத் தாள்களை எல்லாம் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். நான் தினமும் எண்களைத் தட்டும் அந்தக் கட்டங்கள் எப்படிச் செய்யப்பட்டவை என்று தெரியாமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. வகுப்பில் பதினான்கு பேர். நாற்பத்தெட்டு வயதில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கல்லூரி முடித்தவர்கள். எல்லோருக்கும் நான் ஆன்ட்டி.

கடைசிப் பாடமாக ஒவ்வொருவரும் ஒரு தளம் கட்ட வேண்டும். சொல்லிக்கொடுத்த பெண், இருபத்தைந்து வயதிருக்கும், முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "கேக் கடை வேணாம், டூரிஸ்ட் கம்பெனி வேணாம், பியூட்டி பார்லர் வேணவே வேணாம். போன பேட்ச்ல ஒன்பது கேக் கடை. எனக்கு கேக்கே வெறுத்துப்போச்சு. உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது ஒண்ண எடுத்துட்டு வாங்க."

எனக்கு மட்டும் தெரிந்தது பஸ்தான் என்று அப்போது நினைத்தேன்.

தளத்துக்குச் 'சாப்பாட்டுப் பைகள்' என்று பெயர் வைத்தேன். முகப்பில் பஸ்ஸின் இருக்கைப் படம், மேலிருந்து பார்ப்பது போல. பின்னணிக்கு எங்கள் இருக்கை உறையின் பச்சை. அந்தப் பச்சையைத் திரையில் வரவழைக்க மட்டும் இரண்டு மாலை ஆயிற்று. ஒவ்வொரு இருக்கையிலும் அதற்குரிய பையின் புகைப்படம். பையின் மேல் கிளிக் செய்தால் ஒரு சிறு கட்டம் திறக்கும்: பை எதனால் செய்தது, எத்தனை அடுக்கு டிபன், எங்கே எத்தனை மணிக்கு ஏறும், எங்கே எத்தனை மணிக்கு இறங்கும். நேரங்களை டைரியிலிருந்து எடுத்தேன். மூன்று மாத நேரங்களைக் கூட்டிச் சராசரி பார்த்துப் போட்டேன். ஒரு நாள் முழுக்கக் கட்டங்கள் திறக்காமல் அடம்பிடித்தன. எங்கேயோ ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருந்தேன். அதைக் கண்டுபிடித்த நேரத்தையும் டைரியில் எழுதிவைத்தேன்.

படம் எடுப்பதற்கு முன் எல்லோரிடமும் அனுமதி கேட்டேன். பதினான்காம் இருக்கைக்காரர் ஈக்காட்டில் ஏறுபவர், பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி, ஐம்பதைத் தாண்டியவர். அவர் சிரித்துக்கொண்டே, "பைய எட்த்துக்கோமா. மூஞ்சிய எடுத்துடாத, கேமரா பேஜாராயிடும்" என்றார். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட பை அது, பள்ளிச் சீருடைத் துணி. பிடிகளை இரட்டைத் தையல் போட்டு நன்றாகத் தைத்திருந்தார்கள்.

ஒருவர் பெயரும் போடவில்லை. ஒரு முகமும் போடவில்லை. ஆகவே தளத்தில் நான் யாரையும் போடவில்லை என்று முழுமையாக நம்பினேன்.

அந்தப் புதன்கிழமை மாலை 5.52க்குப் பஸ் என்னைத் திருவள்ளூரில் இறக்கிவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டு 6.22க்கு வகுப்புக்குப் போனேன். அன்று எல்லோரும் தங்கள் தளத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டி விளக்க வேண்டும். முதலில் வந்தவன் பழைய சைக்கிள்களைப் பற்றிச் செய்திருந்தான். அடுத்தது நான். பச்சை இருக்கைகளும் முப்பத்தொரு பைகளும் சுவரில் வந்ததும் வகுப்பே சிரித்தது. நல்ல சிரிப்பு. "ஆன்ட்டி, அந்த ஜீன்ஸ் பைய கிளிக் பண்ணுங்க" என்றார்கள். செய்தேன். "ஏறும் இடம் வெங்கல், 6.36" என்று திறந்ததும் கைதட்டினார்கள். சொல்லிக்கொடுத்த பெண், "இதத்தான்பா கேட்டேன்" என்றாள். எனக்குக் காது சூடானது.

எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி எப்போதும் உட்காரும் ஒரு பெண் எழுந்து நின்றாள். பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருப்பவள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

"ஆன்ட்டி, அது எங்கப்பா பை" என்றாள், நீலக் கட்டம் போட்ட பையைக் காட்டி. முகம் மலர்ந்திருந்தது. பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, "என்னோட எட்டாவது யூனிஃபார்ம் பாவாடைடி அது. நான்தான் தச்சேன்" என்றாள். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். "ஓப்பன் பண்ணுங்க ஆன்ட்டி, எங்கப்பா எத்தனை மணிக்குக் கரெக்டா போறார்னு பாக்கலாம். வீட்ல லேட்டு லேட்டுன்னு கத்துவாரு."

கிளிக் செய்தேன். கட்டம் திறந்தது. பள்ளிச் சீருடைத் துணி. மூன்று அடுக்கு. ஏறும் இடம் ஈக்காடு, 6.16. இறங்கும் இடம் கவரைப்பேட்டை, 7.21.

"கவரைப்பேட்டையா?" என்றாள். "அப்பா சிப்காட் கேட்ல இல்ல எறங்குவாரு?"

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். அடுத்த பையைக் காட்டியிருக்கலாம். என் வாய் தானாகப் பதில் சொன்னது. "இல்லம்மா. ஜூன் பத்தாம் தேதிலேர்ந்து கவரைப்பேட்டைலதான் எறங்குறார்."

அவள் சுவரையே பார்த்தாள். பிறகு, "டைம் டேபிள்ல ஏதோ தப்பு இருக்கு ஆன்ட்டி" என்றாள், மெதுவாக.

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் பட்டதோ, என் கணக்கைத் தப்பு என்கிறாளே என்பதுதான். "தப்பா இருக்க வாய்ப்பில்லம்மா. நான் தினமும் எழுதுறேன்" என்றேன். பதின்மூன்று பேருக்கு முன்னால், சுவரில் எட்டடிக்கு விரிந்திருந்த அவள் அப்பாவின் பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அவள் உட்கார்ந்துவிட்டாள். சொல்லிக்கொடுத்த பெண் படங்களின் அளவைக் குறைக்கச் சொன்னாள், அப்போதுதான் தளம் சீக்கிரம் திறக்குமாம். நூற்றுக்கு எண்பத்தொன்பது மதிப்பெண் போட்டாள். அடுத்த ஆள் வந்தான். அவன் எதைப் பற்றிச் செய்திருந்தான் என்று டைரியில் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

8.04க்கு வகுப்பு முடிந்து இறங்கினேன். படிக்கட்டின் அடியில், செருப்புகள் கிடக்கும் இடத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"கம்பெனிக்குக் கவரைப்பேட்டைல ஒரு குடோன் இருக்கும்மா. அங்க மாத்தியிருப்பாங்க" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜூன் பத்தாம் தேதி அவர் முதன்முதலாக அங்கே இறங்கியபோது நானே அப்படி முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் தலையிடாதவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை உண்டு.

"குடோன்ல கேன்டீன் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி ஆன்ட்டி, தெனமும் வீட்டுக்கு வந்து கேன்டீன் கதை சொல்றாரு? நேத்து நாஷ்டாக்குப் பொங்கல் போட்டாங்களாம். அதுல மொளகு இல்லன்னு யாரோ சண்டை போட்டாங்களாம். நானும் அம்மாவும் சிரிச்சுக்கினே இருந்தோம்."

முந்தைய நாள் செவ்வாய். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கேன்டீனில் இட்லி. அதை நான் சொல்லவில்லை. அந்த ஒன்றையாவது என் வாய் சொல்லாமல் விட்டது.

"பேக்கிங்ல எங்கப்பாவ நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?"

இதற்கு என்னிடம் தேதி இல்லை. நான் இருப்பது வேறு கட்டடம். ஆனால் காலை நாஷ்டாவுக்குக் கேன்டீனில் எல்லோரும் ஒன்றாகத்தான் வரிசையில் நிற்போம். அந்த வரிசையில் அவரை எப்போது பார்த்தேன் என்று தேடினேன். ஜூனுக்குப் பிறகு ஒரு நாளும் அகப்படவில்லை. மூன்று மாதமாக அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனவள் அல்ல நான். முன்னால் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்து, மணி குறித்துக்கொண்டு போனவள். அவர் இறங்கிய நிமிடம் என்னிடம் இருந்தது, அவர் ஏன் இறங்கினார் என்பது இல்லை.

"வீட்ல இப்ப ஒண்ணும் கேக்காதம்மா" என்றேன்.

"நான் இன்னா பண்ணணும்னு நீங்க சொல்லாதீங்க ஆன்ட்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தாள்.

அங்கேயே, மூடிய ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று எங்கள் பஸ் டிரைவரைக் கூப்பிட்டேன். பதினைந்து வருடமாக அந்த வழியில் ஓட்டுகிறவர். எல்லோருக்கும் அண்ணன்.

"அண்ணா, பதினாலாம் சீட்டுக்காரர் ஏன் கவரைப்பேட்டைல எறங்குறார்?"

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குறைத்துவிட்டுப் பேசினார். "இன்னாத்துக்குமா இப்ப?"

"சொல்லுங்க."

"ஜூன்ல காண்ட்ராக்ட் மாறுச்சில்ல. பேக்கிங்ல கொஞ்சம் பேர நிறுத்திட்டாங்க. அதுல இவரும் ஒருத்தரு. ஊட்ல சொல்லல. கவரைப்பேட்டைல எறங்கி மரக் கடைல லோடு ஏத்துறாரு. பொண்ணுக்கு ஒரு வேல கெடச்சிட்டா சொல்லிடுறேன் நைனா, அதுவரைக்கும் ஏத்திக்கினு போன்னு கேட்டாரு. ஏத்திக்கினு போறேன். சாயங்காலமும் அங்கியே ஏறிக்கிறாரு."

"பஸ்ல யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

"உனக்குச் சொல்ல வாணாம்னு அவருதான் சொன்னாரு. அந்தம்மா எழுதிடும்னாரு."

ஜெராக்ஸ் கடையின் இரும்புக் கதவில் கை வைத்துக்கொண்டேன். வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல், நான் இரண்டாம் முறை சொன்ன பதிலையும் சேர்த்து.  

"முப்பது பேரு மூணு மாசமா வாய மூடிக்கினு இருந்தோம்மா" என்றார். "நீ செவுத்துல படம் ஓட்டிட்ட."

"அவர் நம்பர் குடுங்க. நான் பேசிடுறேன்."

"போன்ல வாணாம். பொண்ணு பக்கத்துல இருக்கும், பொண்டாட்டி இருக்கும். அவரு இன்னான்னு பேசுவாரு? நேர்ல சொல்லு. நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

8.47க்கு வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'கவரைப்பேட்டை, 7.21' என்பதை அழித்து, 'சிப்காட் கேட், 7.41' என்று அடித்துச் சேமித்தேன். நான் அறிந்து ஒரு தவறான அளவை எழுதியது அதுதான் முதல் தடவை. வேலையில் அப்படிச் செய்தவர்களைப் பற்றி மேலே புகார் எழுதியவள் நான். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது. இனி இதை மாற்றி யாரை ஏமாற்றப்போகிறேன்? முதலில் பதினான்காம் இருக்கையை எடுத்தேன். பிறகு, மற்ற முப்பது பேர் மட்டும் எதையெல்லாம் யாரிடமெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறார்களோ என்று தோன்றியது. மருந்துக் கம்பெனிப் பை வாரத்தில் இரண்டு நாள் ஆரணியில் இறங்கும். ஏன் என்று எனக்குத் தெரியாது. ஜீன்ஸ் பை மாதத்தில் ஒரு நாள் வராது. முழுத் தளத்தையும் இணையத்திலிருந்து இறக்கிவிட்டேன். மூன்று வாரம் கட்டியதை இறக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.  இறக்கியதால் எதுவும் சரியாகவில்லை என்று அப்போதே தெரிந்தது.

பதினான்காம் இருக்கைக்காரர் வீட்டில் அந்நேரம் என்ன நடக்கும் என்பதை என்னால் யோசிக்கவே முடியவில்லை. மகள் கேட்டுவிட்டாளா? அம்மாவுக்கு முன்னாலா? கணவர் வேலை முடிந்து வந்து, "என்ன, மார்க்கு குறைச்சுட்டாங்களா?" என்று கேட்டார். எண்பத்தொன்பது என்றேன். "அப்புறம் ஏன் இப்படி உக்காந்துக்கினு இருக்க?" என்றார். சொன்னேன். 

மறுநாள் வியாழக்கிழமை, முதல் வேலையாக ஈக்காட்டுக்குப் போனேன். சமைக்கவில்லை, மோட்டார் போடவில்லை. முகம் கழுவிக்கொண்டு 5.15க்குத் தெருவுக்கு வந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்றும் வரவில்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் தேரடி வரை ஏற்றிக்கொண்டார். அங்கிருந்து ஆட்டோ. ஈக்காட்டு நிறுத்தத்தில் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. அவர் முன்பே வந்து நின்றிருந்தார். கம்பெனிச் சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"இன்னாமா, இங்க வந்து ஏறுற?"

சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்திருந்தேன், ஆனால் பாதியில் அவர் செருப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். தளத்தில் நேரம் போட்டது. உங்கள் பெண் அதே வகுப்பில் இருந்தது. அவள் கேட்டது. நான் சொன்னது.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறு எதையோ எண்ணிப் பார்ப்பது போல நின்றார்.

"நேத்து எத்தனை மணிக்கு உங்க கிளாசு?"

"ஆறரைலேர்ந்து எட்டு."

"அப்போ ஊட்டுக்கு வர்றப்பவே அவளுக்குத் தெரியும்."

"தெரியும்."

"வந்ததும் பக்கத்துல உக்காந்து, இன்னிக்கு நாஷ்டா இன்னாப்பான்னு கேட்டா" என்றார். "கிச்சடின்னேன். நல்லா இருந்துச்சான்னு கேட்டா. தண்ணியா இருந்துச்சி, கேன்டீன் மேஸ்திரி கெணத்துலேர்ந்து மொண்டு ஊத்திட்டான்னேன். சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா. அம்மாவக் கூப்பிட்டு, அம்மா கிச்சடி கதை கேளுன்னு சொல்லி மறுபடியும் சொல்ல வெச்சா." பையை மறு கைக்கு மாற்றினார். "மறுபடியும் சொன்னேன்மா. இன்னும் கொஞ்சம் சேத்துச் சொன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது. அவர் தன் வீடு இருக்கும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பா" என்றார். "எழுந்திருக்கறப்ப நான் எதிர்ல இருக்கணும்."

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. அவர் சாலையைத் தாண்டித் தெருவுக்குள் நடக்க ஆரம்பித்தார். வேகமாக நடக்கவில்லை, நிற்கவும் இல்லை. டிரைவர் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"எங்கமா அவரு?"

"ஊட்டுக்குப் போறார்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.